மார்பகப் புற்றுநோய்க்குப் பெப்டைட்: ஆஸ்பத்திரி ஊசியா, டிரையலா, பார்சலில் வரும் குப்பியா?

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸிலிருந்து ஒரு தம்பி எனக்கு எழுதியிருந்தார். அம்மாவுக்கு 46 வயது. வலது மார்பில் கட்டி. பயாப்சி முடிந்து புற்றுநோய்தான் என்று உறுதியாகிவிட்டது. கீமோ, ஆபரேஷன் என்று டாக்டர் வரிசையாகச் சொல்லியிருக்கிறார். இதற்கிடையில் ஜிம் நண்பர் ஒருவர், "கீமோவெல்லாம் விஷம், இப்போது பெப்டைட் வந்துவிட்டது, நான் வாங்குகிற இடத்திலேயே கிடைக்கும்" என்று சொல்ல, இவரும் ஒரு குப்பி வாங்கி வைத்துவிட்டார். இன்னும் பிரிக்கவில்லை. "அக்கா, இதை முதலில் மூன்று மாதம் போட்டுப் பார்த்துவிட்டு, அப்புறம் கீமோவுக்குப் போனால் என்ன?" என்பது அவர் கேள்வி.

அதே வாரம் சாட்ஸ்வர்த்திலிருந்து 38 வயதுத் தங்கை ஒருத்தி எழுதினாள். சிகிச்சை முடிந்துவிட்டது, ஆனால் திரும்ப வந்துவிடுமோ என்ற பயம் தூங்கவிடவில்லை. பெப்டைட் தடுப்பூசி டிரையலில், அதாவது மருந்தை மனிதர்களிடம் சோதித்துப் பார்க்கும் ஆய்வில், சேரலாமா என்று கேட்கிறாள். லெனேஷியாவிலிருந்து ஒரு பெரியவர்: மனைவிக்கு 67 வயது, பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு மாதாமாதம் வயிற்றில் போடும் பெப்டைட் ஊசியைத் தம் மனைவிக்கு ஏன் தரவில்லை என்று அவருக்குக் கோபம்.

சொல் ஒன்றுதான், ஆனால் மூவரும் கேட்பது மூன்று வேறு பொருளை. அந்தக் குழப்பத்தைத் தீர்க்காமல் எந்த வழி நல்லது என்று பேச முடியாது. நான் டாக்டர் இல்லை. டர்பனில் 30 வருடத்துக்கு மேல் மருந்துக் கவுண்டருக்குப் பின்னால் நின்றவள். என் சொந்த அக்காவுக்கு இதே நோய் வந்தபோது மாதாமாதம் ஊசிக்குக் கூட்டிப் போனவளும் நான்தான். அந்த இரண்டு அனுபவத்தையும் வைத்து எழுதுகிறேன்.

## பெப்டைட் என்பது ஒரு மருந்தின் பெயர் அல்ல

நம் உடம்பில் இருக்கும் புரதம் ஒவ்வொன்றும் அமினோ அமிலம் என்ற சின்னச் சின்ன அலகுகளைக் கோத்த சரம். கோவிலுக்குக் கட்டும் மல்லிகைச் சரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நீளமான மாலை புரதம். அதே பூக்களில் கொஞ்சத்தை மட்டும் கட்டிய துண்டுச் சரம் பெப்டைட். பூவின் வரிசை மாறினால் வேலையே மாறிவிடும். சர்க்கரை நோயாளி போட்டுக்கொள்ளும் இன்சுலினும் 51 பூக்கள் உள்ள ஒரு பெப்டைட்தான்.

இந்தச் சரத்தைச் செயற்கையாக, ஒவ்வொரு பூவாகக் கட்டும் முறையை அமெரிக்க வேதியியலாளர் புரூஸ் மெரிஃபீல்ட் 1963-இல் வெளியிட்டார். அதற்காக 1984-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதன் பிறகுதான் வேண்டிய வரிசையில் பெப்டைட் செய்வது எளிதானது. குறிப்பிட்ட செல்லை மட்டும் தேடிப் போய் ஒட்டும்படி வரிசை அமைக்கலாம் என்பதால் புற்றுநோய் ஆராய்ச்சியாளர்களுக்கு இதில் பெரிய நம்பிக்கை. ஆனால் ஒரு தொல்லை உண்டு. இயற்கையான பெப்டைட்டை ரத்தத்தில் விட்டால் அங்கிருக்கும் நொதிகள் பலவற்றைச் சில நிமிடங்களில் வெட்டிப் போட்டுவிடும். மிச்சத்தைச் சிறுநீரகம் வெளியே தள்ளிவிடும். வாயில் போட்டால் வயிற்றிலேயே செரித்துவிடும். சோதனைக் கூடத்துத் தட்டில் புற்றுநோய்ச் செல்லைக் கொன்ற பெப்டைட், ஒரு பெண்ணின் உடம்பில் கட்டி இருக்கும் இடம் வரை போய்ச் சேருமா என்பது தனிக் கேள்வி.

ஆகவே "பெப்டைட் நல்லதா?" என்று கேட்பது "மாத்திரை நல்லதா?" என்று கேட்பதைப் போல. எந்த மாத்திரை, யாருக்கு, யார் கொடுத்தது என்று கேட்டால்தான் பதில் கிடைக்கும்.

## எதை வைத்து எடை போடுவது

நான் ஆறு விஷயம் பார்ப்பேன். முதலாவது, மனிதர்களிடம், அதுவும் இந்த வகை மார்பகப் புற்றுநோய் உள்ள பெண்களிடம் பலன் காட்டியதா. எலியிடம் காட்டியது இதில் சேராது. இரண்டாவது, அம்மாவின் கட்டி எந்த வகை. பயாப்சி ரிப்போர்ட்டில் ஈஸ்ட்ரோஜன் ரிசெப்டர், புரோஜெஸ்டரோன் ரிசெப்டர், ஹெர்-2 என்று மூன்று வரி இருக்கும். ரிசெப்டர் என்றால் அந்த ஹார்மோன் வந்து ஒட்டிக்கொள்ள செல்லில் இருக்கும் இடம்; ஹெர்-2 என்பது செல்லை வளரத் தூண்டும் ஒரு புரதம். அந்த மூன்றும் தெரியாமல் எந்த மருந்தையும் பேசக் கூடாது. மூன்றாவது, குப்பிக்குள் இருப்பது லேபிளில் எழுதியிருப்பதுதான் என்று யார் பொறுப்பு ஏற்கிறார்கள். நான்காவது, இதனால் நிரூபிக்கப்பட்ட சிகிச்சை தள்ளிப்போகிறதா. ஐந்தாவது பணம், மருந்தின் விலை மட்டும் அல்ல, பெட்ரோல், லீவு, ஸ்கேன், மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) கைவிடும் பகுதி எல்லாம் சேர்த்து. ஆறாவது, ராத்திரி இரண்டு மணிக்குக் காய்ச்சல் வந்தால் யாருக்குப் போன் பண்ணுவது.

இந்த ஆறில் நான்காவதைத்தான் நம் வீடுகளில் யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. "புரட்டாசி முடியட்டும்", "பையன் கல்யாணம் ஆகட்டும்" என்று தள்ளிப்போடுவோம். அறுவை சிகிச்சை நான்கு வாரம் தாமதமானாலே இறப்பு அபாயம் 6 முதல் 8 சதவீதம் வரை கூடுகிறது என்று 2020-இல் பல ஆய்வுகளை ஒன்று சேர்த்துக் கணக்கிட்டுச் சொன்னார்கள். "மூன்று மாதம் போட்டுப் பார்க்கலாம்" என்பதன் விலை இதுதான்.

## வழி 1: ஆஸ்பத்திரியில் ஏற்கெனவே இருக்கும் பெப்டைட்

பலருக்குத் தெரியாத செய்தி இது. மார்பகப் புற்றுநோய்க்குச் செயற்கை பெப்டைட் வரப்போகிறது என்று காத்திருக்க வேண்டியதில்லை. கோசெரெலின் என்ற பெப்டைட் பல வருடங்களாகப் புழக்கத்தில் இருக்கிறது. சோலடெக்ஸ் என்ற பெயரில் கேள்விப்பட்டிருப்பீர்கள். தென்னாப்பிரிக்காவில் முறையாகப் பதிவு பெற்ற மருந்து அது.

இதன் கதை பழையது. 1896-இல் கிளாஸ்கோவில் ஜார்ஜ் பீட்சன் என்ற அறுவை மருத்துவர், மார்பகப் புற்றுநோய் முற்றிய ஒரு பெண்ணின் சூலகங்களை எடுத்துவிட்டபோது கட்டி சுருங்கியதை எழுதி வைத்தார். சில வகைக் கட்டிகளுக்கு ஈஸ்ட்ரோஜன்தான் தீனி என்று பின்னால் புரிந்தது. சூலகத்தை வேலை செய்யச் சொல்லி மூளையிலிருந்து கிளம்பும் ஆணையே 10 அமினோ அமிலம் உள்ள ஒரு பெப்டைட்தான். அதன் அமைப்பை ஆண்ட்ரூ ஷாலி, ரோஜர் கில்மின் ஆகியோரின் குழுக்கள் கண்டுபிடித்தன. 1977-இல் இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். இயற்கையான ஆணை சில நிமிடங்களில் கரைந்துபோகும். அதில் இரண்டு இடத்தில் பூவை மாற்றிக் கட்டியதுதான் கோசெரெலின். நொதிகளால் இதைச் சுலபமாக வெட்ட முடியாது.

வேலை செய்யும் விதமும் வேடிக்கையானது. விட்டு விட்டுத் தட்டினால் திறக்கும் கதவை நாள் முழுக்கத் தட்டிக்கொண்டே இருந்தால், உள்ளே இருப்பவர் காதைப் பொத்திக்கொள்வார் அல்லவா? மூளையின் ஆணையை வாங்கிச் சூலகத்துக்கு அனுப்பும் பிட்யூட்டரி சுரப்பியும் அப்படித்தான். முதல் ஒன்றிரண்டு வாரம் ஹார்மோன் கொஞ்சம் கூடும். அப்புறம் சுரப்பி கேட்பதை நிறுத்திவிடும். சூலகம் தூங்கிவிடும். கத்தி படாமல் பீட்சன் செய்த வேலை நடக்கும். ஊசியை நிறுத்தினால் பல பெண்களுக்குச் சூலகம் மறுபடி விழித்துக்கொள்ளவும் செய்யும்.

அக்காவுக்கு முதல் ஊசி போட்ட நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நர்ஸ் தொப்புளுக்குக் கீழே ஒரு பிடி சதையைச் சேர்த்துப் பிடித்தார். ஊசி ஃபுளூ ஊசியைப் போல மெலிசு இல்லை. கோணி ஊசி என்று சொல்லும்படி தடித்தது. உள்ளே போவதும் தண்ணீர் மருந்து இல்லை. அரிசி மணியைப் போல ஒரு சின்ன வெள்ளைக் குச்சி. அது தோலுக்கு அடியில் உட்கார்ந்து 28 நாள் மெல்ல மெல்லக் கரைகிறது. அடுத்த மாதத்திலிருந்து அக்கா வீட்டிலிருந்து கிளம்பும்போதே பிளாஸ்டிக் பையில் ஐஸ் கட்டி எடுத்துக்கொள்வாள். கார் பார்க்கிங்கிலேயே வயிற்றில் வைத்து மரத்துப்போகச் செய்துகொள்வாள். மரத்துப்போகும் கிரீம் வேண்டும் என்று கேட்டால் அதையும் தருவார்கள். கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆதாரம் வலுவானது. மாதவிடாய் நிற்காத, ஹார்மோன் ரிசெப்டர் உள்ள பெண்களிடம் நடந்த சாஃப்ட் என்ற பெரிய ஆய்வின் முடிவு 2014-இல் வந்தது. அதில் 35 வயதுக்குக் கீழ்ப்பட்ட பெண்களை எடுத்துக்கொண்டால், ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கும் டமாக்ஸிஃபென் மாத்திரையை மட்டும் சாப்பிட்டவர்களில் சுமார் 68 சதவீதம் பேர் ஐந்து வருடம் நோய் திரும்பாமல் இருந்தார்கள். டமாக்ஸிஃபெனோடு சூலகத்தையும் அடக்கியபோது 79 சதவீதம். உடம்பில் ஈஸ்ட்ரோஜன் உண்டாவதைக் குறைக்கும் எக்ஸெமெஸ்டேன் மாத்திரையோடு அடக்கியபோது 83 சதவீதம். அந்த ஆய்வில் சூலகத்தை அடக்கப் பெரும்பாலும் பயன்பட்டது டிரிப்டோரெலின் என்ற, கோசெரெலினுக்குத் தங்கை முறையாகும் இன்னொரு செயற்கை பெப்டைட். அப்புறம் 2015-இல் வந்த போயம்ஸ் என்ற ஆய்வு: ஹார்மோன் ரிசெப்டர் இல்லாத பெண்களுக்குக் கீமோ நடக்கும்போது கோசெரெலினும் கொடுத்தால், கீமோவால் சூலகம் செயலிழப்பது 22 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைந்தது. குழந்தை பெற நினைக்கும் இளம் பெண்கள் கீமோ தொடங்குவதற்கு முன்பே டாக்டரிடம் இதைக் கேட்க வேண்டும்.

மறைந்திருக்கும் செலவுகளையும் சொல்லிவிடுகிறேன். 28 நாளுக்கு ஒரு முறை போக வேண்டும், தவறவிடக் கூடாது; அதுவும் சில வருடங்களுக்கு. டொங்காட்டிலிருந்து டாக்ஸி மாறி மாறி வருகிற ஒருவருக்கு ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி போய்விடும். உடம்பு திடீரென்று கொதிக்கும். ராத்திரி போர்வையைத் தள்ளிவிட்டு ஜன்னலைத் திறக்க வைக்கும். எலும்பு மெலியும், ஆகவே எலும்பு அடர்த்தி ஸ்கேன், கால்சியம், வைட்டமின் டி செலவும் உண்டு. தாம்பத்தியத்தில் வறட்சி, காரணமில்லாத அழுகை: நம் பெண்கள் இதைச் சொல்லாமலே இருந்துவிடுகிறார்கள். மாதவிடாய் நின்றுவிட்டது என்பதால் கர்ப்பம் ஆகாது என்றும் நினைத்துவிடக் கூடாது. ஹார்மோன் இல்லாத தடுப்பு முறை தனியாக வேண்டும்.

யாருக்கு இது சரி? மாதவிடாய் நிற்காத, ஹார்மோன் ரிசெப்டர் உள்ள பெண்ணுக்கு, அதிலும் வயது குறைந்தவருக்கும் நோய் திரும்பும் அபாயம் கூடியவருக்கும். யாருக்குத் தேவையில்லை? லெனேஷியா பெரியவரின் மனைவிக்கு. 67 வயதில் சூலகம் தானாகவே தூங்கிவிட்டது. தூங்குகிறவரை எழுப்பாதே என்று சொல்ல ஒரு ஊசி எதற்கு? அவருக்கு ஹார்மோன் ரிசெப்டர் இருந்தால் லெட்ரோசோல், அனாஸ்ட்ரோசோல் போன்ற மாத்திரைதான் சரி. ஐயா, உங்கள் மனைவிக்கு எதையும் மறைக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணின் உடம்பு வேறு, இவர் உடம்பு வேறு.

இதை எழுதும்போது ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அரசாங்க ஆஸ்பத்திரியில் காத்திருப்பது வலிக்கும். அடிங்டன், இன்கோசி ஆல்பர்ட் லுத்துலி ஆஸ்பத்திரிகளில் டாக்டரும் இயந்திரமும் போதாமல் புற்றுநோயாளிகளின் உரிமை மீறப்பட்டது என்று 2017-இல் தென்னாப்பிரிக்க மனித உரிமை ஆணையமே சொல்லிவிட்டது. குப்பியைத் தேடிப் போகிறவர்கள் முட்டாள்கள் அல்ல. காத்திருந்து களைத்தவர்கள். அதற்காக, காத்திருக்கும் நேரத்தில் குப்பியைப் போட்டால் வரிசை நகரப்போவதில்லை. பரிந்துரைக் கடிதத்தின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு வாரம் ஒரு முறை கிளினிக்குக்குப் போன் பண்ணுங்கள். கான்சா என்ற புற்றுநோய்ச் சங்கத்தின் உதவியைக் கேளுங்கள். இடம் கிடைக்கும் வரை நச்சரியுங்கள்.

## வழி 2: டிரையலில் சேர்வது

சாட்ஸ்வர்த் தங்கைக்கு இந்தப் பகுதி.

பெப்டைட் தடுப்பூசியின் எண்ணம் எளிமையானது. ஹெர்-2 என்ற புரதத்தின் ஒரு சின்னத் துண்டை உடம்புக்குக் காட்டினால், நோய் எதிர்ப்புச் செல்கள் அந்த முகத்தைப் பழகிக்கொண்டு, ஒளிந்திருக்கும் புற்றுநோய்ச் செல்லைத் தேடிப் பிடிக்கும். இ75 என்ற 9 அமினோ அமிலத் துண்டு ஆரம்ப ஆய்வுகளில் நன்றாகத் தெரிந்தது. அதை நம்பி 758 பெண்களை வைத்துப் பெரிய ஆய்வு நடத்தினார்கள். 2016-இல் பாதி வழியில் கணக்குப் பார்த்தபோது, தொடர்ந்தாலும் பலன் தெரியப்போவதில்லை என்று நிறுத்தினார்கள். இப்போது ஜிபி2 என்ற வேறொரு துண்டை வைத்து, 2022-இல் தொடங்கிய ஃபிளமிங்கோ-01 என்ற மூன்றாம் கட்ட ஆய்வு இருக்கிறது. அது ஹெர்-2 உள்ள, திரும்பும் அபாயம் கூடிய பெண்களுக்கானது. தடுப்பூசி போக, பெப்டைட்டைத் தபால்காரராக்கி அதன் முதுகில் கீமோ மருந்தைக் கட்டி அனுப்பும் முயற்சிகளும் நடக்கின்றன.

இ75 கதையைச் சொன்னது பயமுறுத்த அல்ல. அதில் ஒரு விஷயத்தைக் கவனி தங்கை: அந்த 758 பெண்களும் ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் என்று தங்களுக்கு உரிய சிகிச்சையை முடித்த பிறகுதான் ஆய்வில் சேர்ந்தார்கள். தடுப்பூசி பலிக்கவில்லை, ஆனாலும் அவர்களுக்கு வர வேண்டிய எதையும் அது பிடுங்கிக்கொள்ளவில்லை. நல்ல டிரையலுக்கு அடையாளம் அதுதான்.

இங்கே ஒரு டிரையல் நடக்க வேண்டுமென்றால் மருந்து ஒழுங்காற்று அமைப்பான சாப்ராவும், ஒரு நெறிமுறைக் குழுவும் இரண்டு பேருமே சம்மதிக்க வேண்டும். தேசிய டிரையல் பதிவேட்டில் அதன் பெயர் இருக்க வேண்டும். ஆய்வு மருந்து இலவசம். உன் நேரத்துக்கும் பயணத்துக்கும் அவர்கள்தான் ஈடு தர வேண்டும். மருந்தால் கேடு வந்தால் பார்க்கக் காப்பீடு இருக்க வேண்டும். எந்த நாளிலும் காரணம் சொல்லாமல் விலகலாம். "டிரையலில் சேர இத்தனை ஆயிரம் ராண்ட் கட்டுங்கள்" என்று யாராவது கேட்டால் அது டிரையல் அல்ல, வியாபாரம்.

செலவு எங்கே ஒளிந்திருக்கிறது? டிரையல் மையம் ஜோகன்னஸ்பர்க்கிலோ கேப் டவுனிலோ இருக்கலாம். பெட்ரோல் காசு திரும்ப வரும், பிள்ளையை விட்டுவிட்டுப் போன நாள் திரும்ப வராது. கூடுதல் ரத்தப் பரிசோதனை, கூடுதல் ஸ்கேன். பாதிப் பேருக்கு ஆய்வு மருந்து இல்லாத ஊசி விழலாம். எது விழுந்தது என்று உனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. பெப்டைட் தடுப்பூசிகள் பலவும் குறிப்பிட்ட திசு வகை உள்ளவர்களுக்கு மட்டும்தான் வேலை செய்யும் என்பதால், ஒரு ரத்தப் பரிசோதனையிலேயே "நீங்கள் இல்லை" என்று திருப்பி அனுப்பிவிடலாம். அந்த ஏமாற்றத்துக்கும் மனத்தைத் தயார் செய்துகொண்டு போ.

சம்மதப் பத்திரத்தை அங்கேயே கையெழுத்துப் போட்டுவிடாதே. வீட்டுக்குக் கொண்டு வா. உனக்குப் புரிகிற மொழியில் விளக்கச் சொல்வது உன் உரிமை. என் அக்காவுக்கு ஆங்கிலம் சரளம், ஆனாலும் பயத்தில் இருக்கும்போது தமிழில் சொன்னதுதான் அவள் மனத்தில் நின்றது.

## வழி 3: 21-ஆம் பிரிவு அனுமதி

1965-ஆம் ஆண்டு மருந்துச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி, இங்கே பதிவு பெறாத மருந்தைக் குறிப்பிட்ட ஒரு நோயாளிக்காகக் கொண்டுவர டாக்டர் சாப்ராவிடம் விண்ணப்பிக்கலாம். வேறு வழி தீர்ந்தவர்களுக்கு, வெளிநாட்டில் நிரூபணமான மருந்து ஒன்று இருக்கும்போது, இது நல்ல கதவு. ஆய்வில் இருக்கும் பெப்டைட்டுக்கு இந்தக் கதவு எளிதில் திறக்காது. கம்பெனி கொடுக்க ஒப்ப வேண்டும், மெடிக்கல் எய்ட் பணம் தராமல் போகலாம். விற்பவர் எவராவது "எங்களிடம் 21-ஆம் பிரிவு அனுமதி இருக்கிறது" என்று சொன்னால், உங்கள் அம்மாவின் பெயருக்கு, உங்கள் டாக்டர் வாங்கிய அனுமதி எங்கே என்று கேளுங்கள்.

## வழி 4: பார்சலில் வரும் குப்பி

ஃபீனிக்ஸ் தம்பி அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கட்டை விரல் நீளத்துக்கு ஒரு கண்ணாடிக் குப்பி. நீல மூடி. அடியில் உடைந்த அப்பளத் துண்டைப் போல ஒட்டியிருக்கும் வெள்ளைத் தூள். லேபிளில் பெயர், மில்லிகிராம் அளவு, "99 சதவீதம் தூய்மை". அதற்குக் கீழே, கண்ணைச் சுருக்கினால்தான் படிக்க முடிகிற எழுத்தில்: ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதர்களுக்கு அல்ல. தயாரித்த தொழிற்சாலையின் பெயர் இல்லை. பதிவு எண் இல்லை.

அந்த 99 சதவீதத்தை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். பெப்டைட் தூளில் வேறு பெப்டைட் எவ்வளவு கலந்திருக்கிறது என்பதைத்தான் அது சொல்லும். கிருமி இல்லை என்று சொல்லாது. இறந்த பாக்டீரியாவின் நச்சு இல்லை என்றும் சொல்லாது. இந்தத் தூளைச் சமையலறை மேசையில் வைத்துத் தண்ணீர் கலந்து, இன்சுலின் ஊசியில் எடுத்துப் போடச் சொல்கிறார்கள். கீமோவில் இருக்கும் பெண்ணுக்கு வெள்ளை அணுக்கள் தரை மட்டத்துக்கு இறங்கியிருக்கும். ஆரோக்கியமான ஜிம் பையனுக்குச் சின்னச் சீழ்க்கட்டியோடு போய்விடும் கிருமி, அவருக்கு ஐசியு வரை கொண்டுபோய்விடும்.

உள்ளே இருக்கும் பொருளுக்கு வருவோம். இப்படி விற்கப்படுபவற்றில் பிபிசி-157 பிரபலம். காயம் ஆற்றும் என்பார்கள். விலங்குகளில் புது ரத்தக் குழாய்கள் வளரத் தூண்டியதாக ஆய்வுகள் உண்டு. புற்றுநோய்க் கட்டி வளர எது வேண்டும்? புது ரத்தக் குழாய்தான். புற்றுநோய் உள்ளவருக்கு இது பாதுகாப்பானது என்று மனிதர்களில் யாரும் நிரூபிக்கவில்லை. விளையாட்டு வீரர்களுக்கு 2022 முதல் இது தடை. வளர்ச்சி ஹார்மோனைக் கூட்டும் பெப்டைட்களோ இன்னும் மோசம். புற்றுநோய் இருக்கும்போது வளர்ச்சி ஹார்மோனைக் கொடுக்கவே கூடாது என்று அந்த ஹார்மோன் மருந்தின் பெட்டித் தாளிலேயே எழுதியிருக்கும். இருக்கும் நெருப்புக்கு எண்ணெய் வாங்கக் காசு கொடுப்பது இது.

தேனீ விஷத்துச் செய்தியையும் பலர் எனக்கு அனுப்புகிறார்கள். அது பொய்ச் செய்தி இல்லை. 2020-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்து ஹாரி பெர்கின்ஸ் ஆய்வு மையத்தில், தேனீ விஷத்தில் உள்ள மெலிட்டின் என்ற 26 அமினோ அமிலப் பெப்டைட், கடினமான வகை மார்பகப் புற்றுநோய்ச் செல்களின் சவ்வை ஒரு மணி நேரத்துக்குள் கிழித்ததைக் கண்டார்கள். செயற்கையாகச் செய்த மெலிட்டினும் அதே வேலையைச் செய்தது. அருமையான ஆராய்ச்சி, நானும் ஆசையோடு படித்தேன். ஆனால் அது தட்டிலும் எலியிலும் நடந்தது. சிவப்பு ரத்த அணுவின் சவ்வையும் மெலிட்டின் கிழிக்கும். அதைப் புற்றுநோய்ச் செல்லிடம் மட்டும் கொண்டுபோய் விடும் வழி கிடைக்கும் வரை அது மருந்து ஆகாது.

நிரூபிக்கப்பட்ட சிகிச்சையை விட்டுவிட்டு மாற்று மருந்தை மட்டும் நம்பியவர்களைப் பற்றி அமெரிக்காவில் ஒரு கணக்கு 2018-இல் வெளியானது. மார்பகப் புற்றுநோயில் மட்டும் அவர்களின் இறப்பு அபாயம் ஐந்து மடங்குக்கும் மேல். இவர்களில் பலர் தொடக்க நிலையில், குணமாகக்கூடிய கட்டத்தில் வந்தவர்கள்.

இந்தக் குப்பி எந்தச் சூழ்நிலையில் நல்ல தேர்வு என்று ஒப்பீட்டுக்காகவாவது ஒரு வரி எழுத நினைத்தேன். எழுத வரவில்லை.

ஏற்கெனவே போட ஆரம்பித்துவிட்டவர்கள் இருந்தால், வெட்கப்பட வேண்டாம். குப்பியைக் கையோடு எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டுங்கள். திட்டினாலும் பரவாயில்லை. கல்லீரல் ரிப்போர்ட் ஏன் மாறியது என்று அவர் இருட்டில் தேடக் கூடாது.

## ஒரு பார்வையில்

| | ஆஸ்பத்திரி பெப்டைட் | டிரையல் | 21-ஆம் பிரிவு | பார்சல் குப்பி |
|---|---|---|---|---|
| மனிதர்களில் ஆதாரம் | உண்டு, வலுவானது | தேடப்படுகிறது | மருந்தைப் பொறுத்தது | இல்லை |
| யாருக்கு | மாதவிடாய் நிற்காத, ஹார்மோன் ரிசெப்டர் உள்ளவருக்கு | நிபந்தனைக்குப் பொருந்துபவருக்கு | வேறு வழி தீர்ந்தவருக்கு | யாருக்கும் இல்லை |
| தரத்துக்குப் பொறுப்பு | பதிவு பெற்ற கம்பெனி, சாப்ரா | ஆய்வு நடத்துபவர், சாப்ரா | இறக்குமதி செய்பவர், டாக்டர் | ஒருவரும் இல்லை |
| மறைந்த செலவு | 28 நாள் பயணம், எலும்பு, உடல் கொதிப்பு | தூரம், நேரம், ஏமாற்றம் | மெடிக்கல் எய்ட் மறுப்பு | தாமதம், கிருமி |
| இரவில் போன் எடுப்பவர் | வார்டு | டிரையல் நர்ஸ் | உங்கள் டாக்டர் | விற்றவர் எடுக்க மாட்டார் |

## பணம் கொஞ்சம்தான் இருக்கிறது என்றால்

குப்பிக்காகக் கடன் வாங்கத் தயாராக இருக்கும் குடும்பங்களைப் பார்க்கிறேன். அந்தப் பணத்தையும் கோபத்தையும் நிரூபிக்கப்பட்ட மருந்தின் பக்கம் திருப்புங்கள். கிழக்கு கேப் மாகாணத்து டொபெகா டாக்கி என்ற அம்மாவுக்கு ஹெர்-2 வகை. டிராஸ்டுசுமாப் என்ற மருந்து அவருக்கு வேண்டியிருந்தது, விலையால் கிடைக்கவில்லை. அதற்காகத் தெருவில் இறங்கிப் போராடி, 2016-இல் மருந்து கிடைக்காமலே இறந்தார். உலகத்தில் மருந்து இருந்தும் எட்டாமல் போன கொடுமை அது. இன்று உங்கள் அம்மா ஹெர்-2 வகை என்றால் டாக்டரிடம் முதலில் கேட்க வேண்டியது அந்த மருந்தைப் பற்றித்தான்.

மெடிக்கல் எய்ட் உள்ளவர்கள் "குறைந்தபட்சக் கட்டாயப் பலன்" என்ற சொல்லை நினைவில் வையுங்கள். குணப்படுத்தக்கூடிய மார்பகப் புற்றுநோய் அதில் அடங்கும். உங்கள் பிளான் சின்னதாக இருந்தாலும் ஓர் அளவுக்குச் சிகிச்சை தந்தே ஆக வேண்டும். மறுத்தால் எழுத்தில் காரணம் கேளுங்கள். மெடிக்கல் ஸ்கீம் கவுன்சிலுக்குப் புகார் அனுப்பலாம்.

சாட்ஸ்வர்த் தங்கைக்கு: உன் ரிப்போர்ட்டில் ஹார்மோன் ரிசெப்டர் இருந்தால், டிரையலைத் தேடும் முன் சூலகத்தை அடக்கும் ஊசி உனக்குப் பொருந்துமா என்று கேள். 38 வயதில் அது முக்கியமான கேள்வி. அதற்குப் பிறகு, பொருந்துகிற டிரையல் கிடைத்தால் தயங்காமல் போ. உன்னைப் போன்றவர்கள் முன்பு போனதால்தான் என் அக்காவுக்கு ஊசி கிடைத்தது.

ஃபீனிக்ஸ் தம்பி போன வாரம் மறுபடி எழுதினார். அம்மாவின் ரிப்போர்ட்டில் ஈஸ்ட்ரோஜன் ரிசெப்டர் இருக்கிறது, மாதவிடாயும் இன்னும் நிற்கவில்லை. கீமோவுக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள். அது முடிந்ததும் மாத ஊசியைப் பற்றிப் பேசலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். தேதி புரட்டாசிக்குள் விழுகிறது. விரதம் இருக்கலாமா என்று அம்மா கேட்கச் சொன்னாராம். மரக்கறிச் சாப்பாட்டால் குறை ஒன்றும் இல்லை, பட்டினி மட்டும் வேண்டாம், பருப்பும் தயிரும் தாராளமாகச் சாப்பிடச் சொல்லுங்கள். மற்றதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள் என்று பதில் எழுதினேன்.

வாங்கி வைத்த குப்பியை என்ன செய்வது என்றும் கேட்டிருந்தார். நண்பருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டாம் தம்பி. குப்பைத் தொட்டியிலும் போடாதீர்கள், சிங்க்கிலும் ஊற்றாதீர்கள். பக்கத்து மருந்தகத்தில் கொடுங்கள், அழிக்க வேண்டிய மருந்துகளோடு சேர்த்து அனுப்பிவிடுவார்கள். கூட வந்த ஊசிகளை மூடி இறுகுகிற கெட்டிப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு எடுத்துப் போங்கள்.